பன்னிரண்டில் மிஞ்சியது

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் திருகோணமலைக்குப் போனது மான்களைப் பற்றி எழுத. கோட்டையை விட்டிறங்கி பஸ் நிலையம், மீன்கடை, கடற்கரை என்று ஊருக்குள் உலவும் புள்ளிமான்கள் பிளாஸ்டிக் பைகளைத் தின்கின்றன என்பது செய்தி. குறிப்பேட்டுடன் மான்களின் பின்னால் உட்துறைமுகப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வெறும் தட்டொன்றை ஏந்திக்கொண்டு வந்து என்னை மறித்தாள்.

"மானைப் பற்றியோ எழுதுறீங்கள்? அப்ப இதையும் எழுதுங்கோ. பதினொரு பெருக்கமரத்தை ஒரு விடியக்காலையில திண்டு முடிச்சிட்டுது."

பெருக்கமரம் என்றால் பாவோபாப், மன்னாரில் நிற்பது. பத்துப் பேர் கைகோத்தாலும் அதன் அடியைச் சுற்றிப் பிடிப்பது கடினம். அதில் பதினொன்றை ஒரு மான் தின்றதா? செய்தியை அங்கேயே கைவிட்டேன். (அது இன்னும் எழுதப்படவில்லை. பத்திரிகை ஆசிரியர் இதைப் படித்தால் பொறுத்தருள்க.)

2

அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "தயாளினிக்கு நாற்பத்தேழு வயது. தனிமையில் வாடிய அவளுக்கு ஆறுதலாக ஒரு சின்னஞ்சிறு"

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. துயரப்பட்ட பெண் சிறிய மரம் வளர்த்தாள் என்றால் வாசகர் தலையாட்டுவார், எனக்கும் வேலை சுலபம். ஆனால் நான் பார்த்த தயாளினி வாடவில்லை. மான் தின்ற கதையைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. மிஞ்சிய ஒன்றைக் காட்ட என்னைக் குசினி அடுப்படிக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

இரண்டாம் தொடக்கம்: தயாளினி அரச அலுவலகமொன்றில் கட்டட வரைபடம் கீறும் படவரைஞர். நான்கு வருடத்துக்கொருமுறை இடமாற்றம். வவுனியாவில் மாதுளை நட்டாள், காய்க்குமுன் மாற்றம் வந்தது. மன்னாரில் முருங்கை நட்டாள், இப்போது வேறு யாரோ அதில் காய் பிடுங்குகிறார்கள். ஆகவே, லொறியில் தன்னோடு ஏறிவரக்கூடிய மரமொன்று வேண்டும் என்று முடிவெடுத்தாள். அதுவும் சாதாரண மரம் அல்ல. அந்தப் பெருக்கமரத்தையே சாப்பாட்டுத் தட்டளவு சட்டியில், விதையிலிருந்து.

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மன்னாரில் பொறுக்கிய காயிலிருந்து அறுபது விதைகள். ஓடு கல்லைப் போன்றது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, சுடுநீரில் ஒரு நாள் ஊறவைத்தாள். முதல் இருபதும் அழுகின. அடுத்த இருபதும் அப்படியே. கடைசி இருபதில் பன்னிரண்டு முளைத்தன. முதல் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்த அன்று அவள் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டாள். காரணம் என்று எழுதியது "குடும்ப விசேஷம்".

பிறகு அந்தத் தவறு. முளைகளுக்கு வெயில் வேண்டும் என்று, பதினொன்று நின்ற தட்டை மதில்மேல் வைத்தாள். மதிலின் உயரத்தை மனதுக்குள் அளந்தும் பார்த்தாள். ஆனால் அவள் அளந்தது மன்னார்க் கழுதைகளை வைத்து. நான்கு வருடம் வீதியெல்லாம் கழுதை பார்த்துப் பழகியவள், கழுதைக்கு எட்டாத உயரம் போதும் என்று நம்பிவிட்டாள். திருகோணமலை மான் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் என்பது அவள் கணக்கில் இல்லை.

(இந்த இடத்தை நான் கற்பனை செய்ததாகச் சந்தேகிப்பவர்களுக்கு: இந்தக் கதையில் நிறையக் கற்பனை செய்திருக்கிறேன். எழுந்து நிற்கும் மானை அல்ல.)

பன்னிரண்டாவது, இடமில்லாமல் குசினி யன்னலில் தனிக் கோப்பையில் இருந்ததால் தப்பியது.

4

பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலை. பன்னிரண்டாவது கன்று ஒரு சாண் வளர்ந்துவிட்டது. ஆணிவேரை இப்போது வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் அது கீழே கீழே என்றுதான் போகும், ஆழமில்லாத சட்டிக்குள் அடங்காது. வெட்டினால் பக்கவேர்கள் குடைக்கம்பிபோல் சுற்றிவரப் பரவும். அல்லது கன்று செத்துப்போகும். இந்தத் தடவை நான்கு வருடம் நிறையுமுன்பே அம்பாறைக்கு இடமாற்றக் கடிதம் வந்தாயிற்று, இருபத்தைந்து நாட்கள் இருக்கின்றன. வேர் பிடிக்க மூன்று வாரம் வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜெஸீமா, பால்தேத்தண்ணியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, ஒப்பரேசனா?"

"ஓம் ஜெஸீமாக்கா. கதைக்காதேங்கோ, கை நடுங்கும்."

மண்ணை உதறி எடுத்தபோது வேர் வெள்ளைவெளேரென்று கொழுத்து நின்றது.

"அல்லாஹ், முள்ளங்கி! வெட்டித் தா, சம்பல் போடுவம்."

"அக்கா!"

"இல்ல புள்ள, ஒண்டே ஒண்டுதான் மிஞ்சி இரிக்கி. மானுக்குத் தப்பினத நீயே வெட்டப் போறியே. ஒனக்கும் மானுக்கும் என்ன வித்தியாசம்?"

இந்தக் கேள்விக்குத் தயாளினியின் வாயில் ஒரு நல்ல பதிலை வைக்க மூன்று நாள் முயன்றேன். ஒன்று தத்துவமாக இருந்தது, அடித்துவிட்டேன். ஒன்று கண்ணீர் வரவழைத்தது, அதையும் அடித்தேன். அவள் உண்மையில் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்:

"மான் கத்தியைத் தீயில காட்டாது."

படம் வெட்டும் கத்தி அலகைத் தீயில் காட்டினாள். மெல்லிய கோடு இழுத்துப் பழகிய கை. ஒரே இழுப்பு. முள்ளங்கி ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம். ஜெஸீமா கண்ணை மூடிக்கொண்டாள். தயாளினிக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயமா என்று கேட்டால், சின்ன வயதில் முதல்தரம் கடலுக்குள் குதித்தபோது வந்தது என்றுதான் சொல்வாள்.

வெட்டுவாய் காய, இரண்டு நாள் கன்றைப் பத்திரிகைத்தாளில் வெறுமனே கிடத்தினாள். பிறகு சட்டியில், மணலில் நிறுத்தினாள். ஒரு கிழமைக்குத் தண்ணீர் கிடையாது. மூன்று வாரம் தொடுவதும் கிடையாது.

5

நான் எழுதிய முடிவுகள்:

இலை துளிர்க்கிறது, லொறி புறப்படுகிறது. (இனிப்பு கூடிவிட்டது.)

தண்டு அழுகுகிறது, அவள் மறுபடி மன்னார் பஸ் ஏறுகிறாள். (அவளுக்கு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டையும் அவளுக்கே அனுப்பினேன். உடனே குரல்பதிவு வந்தது: "ரெண்டையும் அழியுங்கோ! செத்துது எண்டு நீங்கள் எழுதினா நான் கிளறிப் பார்ப்பன். துளிர்த்துது எண்டு எழுதினாலும் கிளறிப் பார்ப்பன். என்னால சும்மா இருக்க ஏலாது. தயவுசெய்து ஒண்டும் எழுதாதேங்கோ."

அழித்துவிட்டேன்.

இன்று பதினேழாம் நாள். ஓர் இலை உதிர்ந்திருக்கிறது, மூன்று இருக்கின்றன. புது வேர் விடும்போதும் இலை உதிரும், அழுகும்போதும் உதிரும். தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினால் தெரிந்துவிடும், ஆனால் ஆட்டினால் அப்போதுதான் பிடித்த வேர் அறுந்துபோகும். அதனால் தயாளினி காலையில் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மூக்கு மணலில் படும் அளவுக்குக் குனிகிறாள்.

சட்டியை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்களும் குனியுங்கள், கைகள் பின்னால். மூன்றாவது இலையின் காம்படியில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறதா? குருத்தா, பூஞ்சணமா?

எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் தொடுவீர்கள்.