செர்ரி போடாத கிளாஸ்

மூப்பர் ஜெபக்குமார் லைம் சோடா தவிர வேறெதுவும் தொடமாட்டார் என்பது கல்பாக்கத்தில் அவருடைய ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. மேலிடத்திலிருந்து யாராவது வந்தாலும், யாராவது ரிடையர் ஆனாலும், மகாபலிபுரத்துக் கடற்கரை ஓட்டலில் ஒரு மதியச் சாப்பாடு நடக்கும். மற்றவர்கள் விஸ்கி, பீர் என்று இறங்கிவிடுவார்கள். அவர் மட்டும் ஸ்ட்ரா போட்ட கிளாஸோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார். செங்கல்பட்டில் அவர் சபைக்கு அவர்தான் மூப்பர். குடிக்கு எதிராக அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் பெஞ்சில் இருக்கிற பாதி ஆண்கள் தலையைத் தூக்கமாட்டார்களாம்.

அந்த லைம் சோடாவில் ஜின் இருந்தது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் மூப்பர், இன்னொருவன் பார் கவுண்டரில் நிற்கிற மோசஸ்.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் கை கழுவப் போகிறவர் மாதிரி கவுண்டர் பக்கம் வந்து, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "தம்பி, லைம் சோடாவுல கொஞ்சம் ஜின் விட்டுக் குடு. பார்த்தா தெரியக் கூடாது" என்றார். மோசஸ் தலையாட்டினான். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் டாம் காலின்ஸ். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ், மேலே சோடா. பார்வைக்கு லைம் சோடாவேதான். காட்டிக் கொடுப்பது உயரமான கிளாஸும், விளிம்பில் செருகுகிற ஆரஞ்சு வில்லையும், குச்சியில் குத்தின சிவப்புச் செர்ரியும். மூப்பருக்கு மட்டும் மோசஸ் அதையெல்லாம் விட்டுவிட்டுச் சாதாரண கிளாஸில் கொடுத்தான். ஜின் வாடை பக்கத்து நாற்காலிக்குப் போகாதபடி விளிம்பைச் சுற்றி எலுமிச்சைத் தோலை ஒரு தேய் தேய்த்தான். அது யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே யோசித்தது.

இத்தனைக்கும் மோசஸ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன். சாறும் பாகும் கலந்ததை மட்டும் நாக்கில் வைத்துப் பார்ப்பான். சரக்கு விழுந்த பிறகு மூக்குதான். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் கூன் விழுந்தவர் அவன் அப்பா. மகன் இந்த ஓட்டலுக்குத் தட்டுக் கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்பு போ டை கட்டுகிற இடத்துக்கு வந்திருந்தான். அதில் அவனுக்குப் பெருமைதான். அவன் மனைவி ரெபேக்காளுக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடையாது. அவர்கள் குடியிருந்த பூஞ்சேரியில் யார் கேட்டாலும் "ஓட்டல்ல வேலை" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் ரெஜினா டீச்சர் டிரெய்னிங் முடித்து நர்சரிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் 'பார்' என்ற சொல்லைக் கேட்டதும் வந்த வழியே போய்விட்டன. மூன்றாவதை இரண்டாயிரத்து மூன்றில் சபை ஊழியக்காரி ஞானம்மாள் கொண்டுவந்தாள். பையன் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. ரெஜினா அவனைச் செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறாள். இந்த முறை போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். மோசஸ் அதைப் பார்த்துவிட்டான்.

பையனின் அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்க்கிற மூப்பர் ஜெபக்குமார் என்று ஞானம்மாள் சொன்னதும் மோசஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம சார்! பன்னிரண்டு வருஷமாக அவர் மானத்தைக் கிளாஸில் வைத்துக் காப்பாற்றியவன் இவன். வேறு யார் முகம் சுளித்தாலும் அவர் சுளிப்பாரா? இந்த ஒரு வீட்டில்தான் தன் வேலையை மறைக்க வேண்டியதில்லை என்று பைத்தியக்காரன் நம்பினான்.

சனிக்கிழமை சாயங்காலம் பையன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மோசஸே எலுமிச்சை பிழிந்து பாகு கலந்து கொடுத்தான். ஜெபக்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாக்குக்குத் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு மட்டும் தெரியாதது மாதிரி பார்வையைத் திருப்பிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வசந்தா, என்ன வேலை என்று விசாரித்தாள். ரெபேக்காள் வழக்கம்போல ஓட்டல் என்றாள். மோசஸ் ஜெபக்குமாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"மகாலிபுரத்துல பார்ல கீறேம்மா. மறைக்கிறதுக்கு இன்னா கீது. சாருக்கே தெரியும்."

ஜெபக்குமார் கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு ஞானம்மாள் பக்கம் திரும்பினார். "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா. கல்யாணத்தன்னிக்கு ஆல்டர்ல பொண்ணோட கையைப் புடிச்சு அப்பாதான் ஒப்படைக்கணும். குடிகாரனுக்கு ஊத்திக் குடுக்கிற கை அது. எங்க சபை எப்படி ஏத்துக்கும்?"

கிளாஸில் ஒரு சொட்டு மிச்சமில்லை. மோசஸுக்கு அதுதான் கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அவர் வெள்ளை வேட்டி கிழிந்திருக்கும். ஆனால் பாரில் பார்த்ததைப் பாரிலேயே விட்டுவிட்டு வருவது அவன் தொழில் தர்மம்.

அவர்கள் போன பிறகு ரெபேக்காள் கேட்டாள். "அந்தாளு உனுக்குத் தெரிஞ்சவராய்யா?"

"தெரியாது" என்றான்.

ரெஜினா அழவில்லை. கிளாஸ்களை எடுத்துப்போய்க் கழுவினாள். ராத்திரி பைபிளிலிருந்து போட்டோவை எடுத்து ஞானம்மாளிடம் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் தந்தாள். மோசஸ் தன் பெண்ணின் முகத்தைப் பார்க்க மூன்று நாள் வெட்கப்பட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கல்பாக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். தாமோதரன் என்ற பெரிய அதிகாரிக்கு ரிடையர்மென்ட் விருந்து. அதில் ஜெபக்குமாரும் ஒருவர். கூச்சமில்லாமல் வந்து ஓர நாற்காலியில் உட்கார்ந்து, கவுண்டரைப் பார்க்காமலேயே, வெயிட்டரிடம் "எனக்கு லைம் சோடா" என்றார். இத்தனை வருஷமாக அவர் போடுகிற அதே ஆர்டர்.

மோசஸ் உயரமான கிளாஸை எடுத்தான். ஜின், சாறு, பாகு, ஐஸ். சோடாவை நிதானமாக ஊற்றி நீளக் கரண்டியால் ஒரு சுற்று. பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் கலந்ததில்லை. விளிம்பில் ஆரஞ்சு வில்லையைச் செருகினான். குச்சியில் செர்ரியைக் குத்தி மேலே வைத்தான். தோல் தேய்க்கவில்லை. வெயிட்டரை விலக்கிவிட்டுத் தானே தட்டில் வைத்து எடுத்துப்போனான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"சார், உங்க டாம் காலின்ஸ்" என்றான், எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி.

ஜெபக்குமாரின் முகத்தில் ரத்தமே இல்லை. மோசஸ் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். தன் வீட்டுக் கூடத்தில் தான் நின்றது அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான்.

தாமோதரன் குனிந்து கிளாஸை மோந்து பார்த்தார். பிறகு ஜெபக்குமாரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அடப்பாவி, இத்தனை வருஷமா எங்களை ஏமாத்திட்டியேய்யா! நீயும் நம்ம ஆளுதானா?" மேஜை கொல்லென்று சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். ஒருவன் எழுந்துவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். ஜெபக்குமார் திருதிருவென்று விழித்தார், அசடு வழிந்தார், கடைசியில் தானும் சிரித்துவிட்டார். செர்ரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இவன் கைப்பக்குவம் அப்படி சார்" என்றார். தாமோதரன் எல்லோருக்கும் அதையே கொண்டுவரச் சொன்னார்.

மோசஸ் ஏழு கிளாஸ் கலந்தான். ஏழிலும் ஆரஞ்சும் செர்ரியும் வைத்தான். அவன் எதிர்பார்த்த அவமானம் அந்த மேஜைக்கு வரவேயில்லை. குடித்தவனுக்குக் கூட்டாளிகள்தான் கூடியிருந்தார்கள்.

புறப்படும்போது ஜெபக்குமார் கவுண்டர் பக்கம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, பெரிய சுமை இறங்கினவர் மாதிரி இருந்தார். "இனிமே செர்ரி போட்டே குடு மோசஸ். அதான் தெரிஞ்சாச்சே" என்றார்.

மோசஸ் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டான். "அப்ப ரெஜினா விசயம், சார்?"

ஜெபக்குமார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"அது வேற, இது வேறப்பா."

அவருடைய ஆட்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அவர் கையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலக் கூட்டத்துக்கு இன்னும் ஐம்பது எலுமிச்சை நறுக்க வேண்டியிருந்தது. மோசஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து நறுக்க ஆரம்பித்தான்.