பத்தாவது துளை

அக்காவின் வேனை என் பட்டறையை விட்டு வேறு பட்டறைக்கு விடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். அத்தான் இறந்த பிறகு அந்த வேன் ஓடினால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஓட்டுவதும் அவளேதான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலை. எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய் நான்கு நாளாக வண்டி நிற்கிறது. திங்கள்கிழமையும் வராவிட்டால் வேறு வேனை வைத்துக்கொள்வோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திரும்ப ஏற்றத் தயாரானேன். அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய போல்ட்டுகள் பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன, அவற்றையே போட்டால் என்ன என்று கேட்டாள். என் தொழிலில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒருமுறை இறுக்கிய போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும், மறுபடி பிடிக்காது என்று காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தேன்.

ஹெட்டைக் கழற்றும்போது கீழே எஞ்சின் பிளாக்கில் இருக்கும் போல்ட் துளைகளில் தண்ணீரும் ஆயிலும் இறங்கித் தேங்கிவிடும். பத்துத் துளைகளையும் காற்றடித்து உலர்த்த வேண்டும்.

"பத்தையும் ஊதிட்டியாடா?" என்றாள் அக்கா.

"வண்டி ஓட்டுறதோட நிறுத்திக்கோ. எனக்குப் பாடம் எடுக்காத."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே என் கோபத்துக்கு அவளுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

பிறகு எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் மறுக்குமாக, மூன்று சுற்று. சரியான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 'டிக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். கடைசிச் சுற்றில் கடைசி போல்ட், மூலையில் இருப்பது. பாதி திருப்பியதும் 'டப்' என்று கேட்டது. கைக்கு இறுக்கமே இல்லாமல் போயிற்று.

குனிந்து பார்த்தேன். பிளாக்கின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். அதன் வழியே ஆயில் கலந்த தண்ணீர் கசிந்தது. தண்ணீர் நசுங்காது, அடியில் தேங்கி நின்றால் இறுக்க இறுக்க இரும்பைத்தான் பிளக்கும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்துவிட்டேன்.

ஒட்டுப் போட முடியாதா என்று அக்கா கேட்டாள். முடியாது, வேறு எஞ்சின்தான் தேட வேண்டும், திங்களுக்குள் ஆகாது என்றேன். பிளாக்கே பழுது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நுனிநாக்கு வரை வந்தது.

"ஒரு துளைய விட்டுட்டேன்க்கா."

அவள் விளக்கை அணைத்து, அதில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்து மேசையில் வைத்தாள். பட்டறை வாசலில் நின்று மேற்பார்வையாளரைக் கைபேசியில் அழைத்தாள். திங்கள்கிழமை வண்டி வராது, வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி மேல தப்பு இல்லைங்க," என்றாள். "அவன் நல்லாத்தான் பாத்தான். வண்டிதான் பழசு."