வெள்ளிக்கிழமைகளைக் குடித்த வண்டி

பொள்ளாச்சியில் தென்னைநார் மில் வைத்திருந்த திருமூர்த்தியின் சிவப்பு ரோட்டரி எஞ்சின் கார் பெட்ரோல் குடிக்கும், ஆயில் குடிக்கும், அது போதாமல் வீட்டிலிருந்து கிழமையும் குடிக்கும். விற்றவர் எதையும் மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தார். மைலேஜ் என்ன என்று யாராவது கேட்டால் திருமூர்த்தியும் மறைக்க மாட்டான். "ஊருக்குள்ள ஆறு, ஹைவேயில எட்டு, அப்புறம் வாரத்துக்கு ஒரு கெழமை" என்பான். கேட்டவர்கள் பெட்ரோலுக்குத்தான் உச்சுக் கொட்டுவார்கள்.

மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும். இதில் பிஸ்டனே கிடையாது. ஓரம் உப்பிய சமோசா மாதிரி ஒரு முக்கோண இரும்பு உள்ளே சுற்றும், அவ்வளவுதான். முக்கோணத்தின் மூன்று முனையிலும், உள்ளே இருப்பது கசியாமல் பிடிக்க, விளக்குமாற்றுக் குச்சி கனத்தில் ஒவ்வொரு சீல். அந்தக் குச்சிகளை நம்பித்தான் மொத்த வண்டியும் ஓடுகிறது.

கிழமை கொடுப்பது பெரிய வித்தை இல்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் வரப்போகும் தாளை முன்கூட்டியே கிழிக்க வேண்டும். அதை நான்காக மடித்து, ஆயில் ஊற்றும் துளையில் போட்டு மூட வேண்டும். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மீட்டர் முள்ளை ஒரு தடவை சிவப்புக் கோட்டில் இடிக்க வைக்க வேண்டும். இடித்துவிட்டால் அந்தக் கிழமை அந்த வாரம் அந்த வீட்டுக்கு வராது. திங்கட்கிழமை படுத்தால் புதன்கிழமை எழுந்து பல் விளக்கலாம்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவன் மகுடீஸ்வரன். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டிக் காலை உடைத்துக்கொண்டவன், இப்போது உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். புகை வந்தாலும் சரி, ஆயில் குறைந்தாலும் சரி, "இந்த எஞ்சினுக்கு இது சகஜமுங்கண்ணா" என்பதோடு முடித்துக்கொள்வான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

"ஸ்டார்ட் பண்ணினா ஒரு ரவுண்டு போயே ஆகோணுமுங்க. ஆறிக் கெடக்கற வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ரெண்டடி நகர்த்தி, அப்படியே ஆஃப் பண்ணிப்போட்டீங்கன்னா தீந்துது. உள்ள பெட்ரோல் ரொம்பி சீலெல்லாம் கழுவிக்கும். எரியாம உள்ள நிக்கறது மொத்தமும் வெளிய வந்துரும்."

முதலில் செவ்வாயைக் கொடுக்கலாம் என்றது திருமூர்த்தியின் மனைவி பூங்கொடிதான். "செவ்வாக்கெழமை யாருக்குங்க வேணும்? ஒரு நல்ல காரியம் உண்டா? தலைக்கு ஊத்திக்கறதுக்கு எனக்கு வெள்ளி இருக்குது, போதும்" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செவ்வாய் இல்லை. யாராவது செவ்வாயில் தேடி வந்தால் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரியக்கா மதில் வழியாகத் தலையை நீட்டி, "அவங்களுக்கு இன்னைக்கு இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். ஒரு வருஷம் தீபாவளியே செவ்வாயில் வந்து தொலைத்தது. இவர்கள் புதன்கிழமை எழுந்து, ஊரார் வெடித்த பட்டாசுக் குப்பையை வாசலில் பெருக்கினார்கள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுகத்துக்கு எத்தனை செவ்வாயையும் கொடுக்கலாம். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி பாட ஆரம்பிக்கும். நிற்கும்போது பொரி வறுப்பது போலப் படபடத்த அதே எஞ்சின், மிதிக்க மிதிக்க ஒரு நடுக்கமில்லாமல் ஒரே இழையாக ஏறும். இதற்கு மேல் முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் அது இன்னும் ஏறும். பூங்கொடி செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருவாள். பாதத்தில் அதிர வேண்டுமாம். "என்னங்க, நார் லோடு ஏத்தின டிராக்டராட்ட ஓட்டறீங்க? மிதிங்க!" என்று சீண்டுவாள். முள் சிவப்பைத் தொட்டுக் கீச்சென்று மணி அடித்ததும் ஹோவென்று கத்துவாள். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் திருமூர்த்தி மிதித்தான் என்று கூடச் சொல்லலாம்.

பிறகு அவளுக்கு ஈரல் கெட்டது. கோயமுத்தூரில் காட்டினார்கள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வர்ற வெள்ளிக்கெழமை, வெளக்கு வைக்கற நேரம்" என்றார்.

திருமூர்த்தி வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. காலண்டரிலிருந்து வெள்ளிக்கிழமையைக் கிழித்தான். வியாழன் மத்தியானம் தனியாக மலை ஏறி, முள்ளைச் சிவப்பில் இடித்துவிட்டு வந்து படுத்தான். எழுந்தால் சனிக்கிழமை. பூங்கொடி கட்டிலில் உட்கார்ந்து, "காப்பி ஆறிப் பச்சத்தண்ணியாட்ட இருக்குது, யாரு குடிக்கறது இதை?" என்று எரிந்து விழுந்தாள். அவன் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டு அழுதான், அத்தனை சந்தோஷம். டாக்டருக்குப் போன் செய்தபோது, "அப்படிங்களா? அப்ப அடுத்த வெள்ளி" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளியையும் கிழித்தான், அதற்கு அடுத்ததையும் கிழித்தான். பழகிய செவ்வாயை வண்டி விடவில்லை, ஆக வாரத்துக்கு இரண்டு கிழமை போயிற்று. மகுடீஸ்வரன் பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தான்.

"செவ்வா லேசுங்கண்ணா, எரிஞ்சு பொகையாப் போயிரும். வெள்ளி கனம். எரியாது, உள்ளயே தங்கிக்கும். சீலுதான் பாவம்."

"தாங்குமா, மகுடு?"

"தாங்கற வரைக்கும் தாங்குமுங்க. இந்த எஞ்சினுக்கு இது சகஜம்."

பூங்கொடி சாகவில்லை. ஆனால் வலியும் வியாழக்கிழமையிலேயே நின்றுவிட்டது. குறையவும் இல்லை, முடியவும் இல்லை. சனிக்கிழமை எழுந்தால் வியாழக்கிழமை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். திருமூர்த்திக்கு மலைப் பாதை இப்போது மில்லுக்குப் போவது மாதிரி ஒரு வேலை ஆகிவிட்டது. பக்கத்து சீட்டைப் பார்க்காமல் ஓட்டினான். அதே சத்தம்தான் வந்தது. அதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாயும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல் அவள் தலைமுடி சடை பிடித்துவிட்டது. அரைத்து வைத்த அரப்புப் பொடி டப்பாவிலேயே கிடந்தது.

"சனிக்கெழமை ஊத்திக்கயேன் புள்ள" என்றான் திருமூர்த்தி.

"சனிக்கெழமை தலைக்கு ஊத்தறதுக்கு நானென்ன ஆம்பளையா?" அவள் சிரித்தாள். சிரித்ததற்குத் தண்டனையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வலி கொஞ்சம் விட்ட பிறகு, "ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு வெள்ளியக் குடுத்துருங்களேன்" என்றாள். "அரப்புப் போட்டுத் தலைக்கு ஊத்தி, வாசல்ல பெருசா ஒரு கோலம் போட்டு, வெளக்கு வெச்சுப்போட்டு, அப்படியே சித்தெ படுத்துக்கறேன்."

அவன் காதில் விழாத மாதிரி எழுந்து போனான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வலிக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் காலண்டர் தாளைத்தான் கிழித்தான்.

ஒரு வியாழக்கிழமை தாளை மடித்து வண்டியில் போட்டுவிட்டுப் பார்த்தால் ஆயில் அடிமட்டத்தில் இருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கேனோடு திரும்பி வந்தபோது கார் எப்போதும் நிற்கிற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் நின்றது. முன்சக்கரம் நின்ற இடத்தில் பூங்கொடி தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். சாவி அவள் மடியில் கிடந்தது.

"கோலம் போட எடம் பத்தலீங்க. சித்தெ நகர்த்தினேன்."

"ஆஃப் பண்ணிட்டயா?"

"பண்ணிட்டேன்."

"ஐயோ பூங்கொடி! ஸ்டார்ட் பண்ணினா ஓட்டியே ஆகோணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கறேன்!"

"சொன்னீங்க. காது எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றாள் பூங்கொடி, அடுத்த புள்ளியை வைத்தபடி.

திருமூர்த்தி அவள் மடியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்து திருகினான். கிர்ர் என்றது. மறுபடி திருகினான், மறுபடி கிர்ர். பெட்ரோல் நாற்றம் குப்பென்று வந்தது. அதன் பின்னாலேயே பானெட் இடுக்கிலிருந்து சாம்பிராணி வாசமும் மல்லிகை வாசமும் கசிந்தன. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். பூங்கொடி கோலத்தை முடித்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டாள், எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொல்லி.

மறுநாள் வெள்ளி தனியாக வரவில்லை. எல்லா வெள்ளியும் சேர்ந்து வந்தன. அறைக்கு ஒன்றாக உட்கார்ந்தன, இடம் போதாமல் மாடிப்படியில் ஒன்று, மொட்டைமாடியில் கொடிக்கயிற்றின் கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பூங்கொடி மணை போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தாள். திருமூர்த்தி ஒவ்வொருத்திக்கும் அரப்புத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினான். "மெதுவாங்க, கண்ணுல போகுது" என்று ஒருத்தி அதட்டினாள். இன்னொருத்தி, "நல்லாத் தேயுங்க, எத்தன வாரத்து அழுக்கு" என்றாள். ஒரு வெள்ளியில் முடியை உலர்த்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த வெள்ளியில் அவள் கூப்பிட்டாள். ஒற்றை ஆளால் முடியாது என்று கண்டு ராஜேஸ்வரியக்காவும் சொந்தக்காரப் பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கு ஒரு வெள்ளிக்குள் போனார்கள். அரப்பு டப்பா காலியாகி, அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா வெள்ளியிலும் விளக்கு எரிந்தது. கூடத்தில் செத்தாள். படுக்கையறையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு செத்தாள். சமையலறையில், "ரசத்துக்கு உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செத்தாள். கடைசியாக மொட்டைமாடிக்கு ஓடினான். அங்கே அவள் ஈரத் தலையைச் சுவரில் சாய்த்து, வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சத்தத்த ஒருக்கா கேட்டுப்போட்டுப் போறேன்."

படிகளில் இருந்த வெள்ளியைத் தாண்டிக் குதித்துக் கீழே ஓடினான். சாவியைத் திருகினான். கிர்ர். திருகினான், மிதித்தான், வண்டியைக் கும்பிட்டான், கெட்ட வார்த்தையில் திட்டினான். பேட்டரி தீர்ந்து கிர்ரும் நின்றது. மேலே ஏறி வந்தபோது விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பாடை கட்டுகிறவர், "எல்லாத்துக்கும் பச்சை மூங்கில் கெடைக்காதுங்க, கொஞ்சம் காய்ஞ்சதுதான்" என்றார். சரி என்றார்கள். சுடுகாட்டில் முன்னால் போனவள் எரிந்து முடியும்வரை மற்ற பூங்கொடிகள் புளியமரத்தடியில் காத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகுடீஸ்வரன் வண்டியைக் கட்டி இழுத்துப் போனான். பிளக்கைக் கழற்றி, உள்ளே நின்றதை வடித்து, ஒரு பழைய ஆயில் கேனில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஒண்ணு முழுசா வெளிய வரலீங்கண்ணா. அரை வெள்ளி இதுல நிக்குது."

"எந்த அரை? காலையா, சாயங்காலமா?"

"தொறந்தாத்தான் தெரியுமுங்க. இந்த எஞ்சினுக்கு இது சகஜம்."

அவன் போன பிறகு திருமூர்த்தி கேனைக் கூடத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். காலை என்றால் பூங்கொடி தலைக்கு ஊற்றிக்கொள்ள உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் என்றால் அவளைக் குளிப்பாட்டித்தான் கிடத்த வேண்டும். எதுவானாலும் அரப்பு வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போய் ராஜேஸ்வரியக்காவிடம் ஒரு கை அரப்பு வாங்கி வந்து, கிண்ணத்தில் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்தான். மணையை எடுத்துப் போட்டான். பிறகு கேனின் மூடியைத் திருகினான்.