மாப்பிள்ளைக்கு நாலு கம்பு

குதிரைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது பஸ் டிரைவரின் மனைவிதான். "வேளா வேளைக்குச் சாப்பாடு, வேலைன்னு ஒண்ணும் கிடையாது, கவனிப்பு கொஞ்சம் குறைஞ்சா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குது. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பாள்.

குதிரை மகளுடையது. அவள் நர்ஸிங் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஹாஸ்டலில் குதிரையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அது அப்பா தலையில் விழுந்தது. மகள் பழகும்போது வேலியோரம் சும்மா நிற்பானேன் என்று அவரும் கொஞ்சம் ஏறப் பழகியிருந்தார். விழாமல் உட்காரத் தெரியும், திருப்பத் தெரியும், அவ்வளவுதான். மழையில், ஆள் நிறைந்த பஸ்ஸை இறக்கத்தில் ஓட்டும்போது கொட்டாவி விடுகிற மனுஷனுக்கு, சேணத்தில் உட்கார்ந்தால் மட்டும் வாய் உலர்ந்துபோகும். "பஸ்ஸுக்குச் சொந்த மூளை கிடையாது. அதுதான் நிம்மதி" என்று டிப்போவில் சொல்வார்.

சும்மா நின்று நின்று மாப்பிள்ளையின் முதுகு இறுகிப்போனது. பார்க்க வந்த கால்நடை டாக்டர் விலா ஓரமாக அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நிக்க வெச்சே பாழாக்கிடாதீங்க. தரையில பெரிய மரக் கம்புகளைப் போட்டு, அதுக்கு மேல நடத்துங்க. காலைத் தூக்கித் தூக்கி வெச்சாத்தான் முதுகு இளகும். பழகினதும் சின்னதா தாண்ட விடுங்க."

சொல்வது சுலபம். டிரைவருக்கு டியூட்டி முடிவது மதியம். குதிரையை விட்டிருந்த வாடகை லாயத்துக்கு அவர் போகும் நேரத்தில் லாயக்காரம்மா தீவனம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மைதானத்தில் ஈ காக்கை இருக்காது. கம்பை அவரேதான் போட வேண்டும், அவரேதான் ஏற வேண்டும். குதிரையின் கால் பட்டு ஒரு கம்பு உருண்டால் இறங்கி, ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கனத்தை இழுத்து நேராக்கி, மறுபடி ஏறுவதற்கான மரப்படிக்குக் கூட்டிவந்து ஏற வேண்டும். படியில் ஒரு காலும் அந்தரத்தில் ஒரு காலுமாக இருக்கும்போதுதான் மாப்பிள்ளைக்கு நாலடி தள்ளி நிற்கத் தோன்றும். முதல் வாரத்தில் அவர் சவாரி செய்ததைவிட ஏறி இறங்கியதுதான் அதிகம்.

மகள்தான் வழி சொன்னாள். தாளில் படம் வரைந்து போனில் அனுப்பினாள். பெரிய வட்டம், அதில் கடிகாரத்தின் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களில் ஒவ்வொரு கம்பு. இன்னொரு மூலையில் விசிறி மாதிரி நாலு கம்பு. உள்பக்கம் நெருக்கமாக இருக்கும், வெளிப்பக்கம் அகலமாக இருக்கும்.

"அப்பா, நடக்கும்போது உள்பக்கமா போங்க. மெல்லோட்டம்னா வெளிப்பக்கமா போங்க. அதே கம்புதான், இறங்கி மாத்தவே வேண்டாம். தனியா ஏறறவங்களுக்கு இதுதான் தோது."

"ஒண்ணு உருண்டா?"

"உருண்டா உருளட்டும். அதை விட்டுட்டு மத்ததுல போங்க. போன் உடம்புல இருக்கணும், வேலியில மாட்டாதீங்க. ஹெல்மெட் வார் இறுக்கமா இருக்கணும். கேட் மூடியிருக்கணும்."

மனைவிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அவள் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிறாள். "ஏறப் போறேன்னு ஒரு மெசேஜ், இறங்கிட்டேன்னு ஒரு மெசேஜ். ரெண்டாவது வர்ற வரைக்கும் எனக்குத் தையல் நேரா ஓடாது, பாத்துக்குங்க."

கடிகார வட்டமும் விசிறியும் பலன் கொடுத்தன. மாப்பிள்ளையின் கழுத்து தாழ்ந்தது, நடை நீண்டது. டிரைவருக்குத்தான் பயம் குறையவில்லை. ஒவ்வொரு கம்புக்கு முன்னாலும் பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விடுவார், அடுத்த கம்புக்கு மறுபடி பிடிப்பார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி அன்றோடு நிறுத்திவிடுவாள்.

இலேசாகத் தூறி ஓய்ந்த ஒரு மதியம், மகளிடமிருந்து தாண்டுவதற்கான படம் வந்திருந்தது. இரண்டு இரும்புத் தாங்கிகளுக்கு நடுவில் இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து வைக்க வேண்டும். நடுவில் முழங்கால் உயரம்கூட இராது. அதற்கு முன்னால் தரையில் ஒரு கம்பு, குதிரை எங்கே எம்ப வேண்டும் என்று காட்டுவதற்கு. கம்புகள் கேட்டுக்கு வெளியே கொட்டகையில் கிடந்தன. கடைசிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் கேட்டைக் காலால் தள்ளினார். டங்கென்று சத்தம் கேட்டது. மூடிக்கொண்டது என்று நினைத்தார்.

"ஏறப் போறேன்" என்று மெசேஜ் அனுப்பினார்.

முதல் தடவை நன்றாகவே போனது. தரைக்கம்பு, ஒரு சின்ன எம்பல், அந்தப் பக்கம். அவர் வாயிலிருந்து தானாக ஒரு சிரிப்பு வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார், யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று. அந்தச் சந்தோஷத்தில் மறுபடி திருப்பினார்.

இந்தத் தடவை மாப்பிள்ளைக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது. ஒரு காலடி முன்னாலேயே கிளம்பி, முழங்கால் உயரத்தை ஆள் உயரமாக நினைத்துத் தாவியது. டிரைவரும் மேலேதான் போனார். இறங்கும்போது குதிரை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

மல்லாந்து கிடந்தார். மூச்சு வரவில்லை. பிறகு வந்தது. கால் விரல்களை அசைத்துப் பார்த்தார், அசைந்தன. விலாவில் போன் குத்திய இடம் எரிந்தது. அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மண்ணில் அல்ல, தார் ரோட்டில் குளம்புச் சத்தம்.

கேட் ஆவென்று திறந்து கிடந்தது.

அது அவர் தினம் பஸ் ஓட்டுகிற ரோடு. மாவு மில் வளைவில் எதிரே வருவது எதுவும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இந்த நேரத்துக்கு அந்த வளைவில் எந்த பஸ் எத்தனை வேகத்தில் திரும்பும் என்பதும் தெரியும். போனை எடுத்து டிப்போ கண்ட்ரோலரைக் கூப்பிட்டார்.

"மில் பக்கம் வர்ற நம்ம வண்டியை வளைவுக்கு முன்னாலயே நிறுத்தச் சொல்லுங்க. ரோட்டுல குதிரை."

"என்னது, குதிரையா?" கண்ட்ரோலர் சிரித்தார். "என்னண்ணே, மதியமே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"சிரிக்காதய்யா! பஸ்ஸுல ஜனம் இருக்கு. நிறுத்தச் சொல்லு!"

இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. வயர்லெஸ்ஸில் கண்ட்ரோலர் வண்டியைக் கூப்பிடுவது கேட்டது. பதில் வருவதற்குள் டிரைவர் ஓட ஆரம்பித்திருந்தார். முழங்கால் பிசகியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தார். ஓட்டமும் நொண்டலுமாகப் போனார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவியாகத்தான் இருக்கும், இரண்டாவது மெசேஜ் போகவில்லையே. எடுத்து என்ன சொல்வது? பிரேக் சத்தம் கேட்கிறதா, மோதும் சத்தம் கேட்கிறதா என்று காது முழுக்க முன்னால் இருந்தது.

வளைவு திரும்பியதும் பஸ் நின்றிருந்தது. நாலு எச்சரிக்கை விளக்கும் மினுங்கிக்கொண்டிருந்தன. அதன் மூக்குக்கு நேராக மாப்பிள்ளை. கடிவாளம் அறுந்து தொங்கியது, ஒரு முன்னங்காலில் ரத்தம், உடம்பெல்லாம் நுரை. பயணிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். பஸ்ஸில் இருந்த டிரைவர், இவரோடு டீ குடிக்கிற ஆள், இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவில் ஒரு கால் வைத்து நின்றார்.

பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை காதை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. அந்தப் பக்கம் பள்ளம்.

"ஹாரனை நிறுத்தச் சொல்லு" என்று அந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னார் இவர். ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் உடம்பு துடித்தது. ஓடினால் அது ஓடும். மூச்சை அடக்கிக்கொண்டு, கடைக்கு ஏதோ வாங்கப் போகிறவர் மாதிரி, அதன் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்து நடந்தார். "என்ன மாப்பிள்ளை, யாரைப் பாக்க வந்தீங்க" என்று வாய் ஏதோ பேசியது. குரல் மட்டும் அவருடையதாக இல்லை. அறுந்த வார் கையில் சிக்கியதும், அந்தக் கழுத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பஸ்ஸிலிருந்து யாரோ கை தட்டினார்கள். அவருக்கு அழுகை வந்தது.

லாயத்துக்குத் திரும்பும்போது மனைவி டாக்ஸியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். தோளில் அளவு டேப் அப்படியே தொங்கியது. முதலில் கணவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு குதிரையை அதே மாதிரி பார்த்தாள். "ரெண்டு பேரும் உள்ள போங்க" என்றாள். கேட்டை அவளே இழுத்து மூடினாள்.

குதிரைக்குத் தோல்தான் கிழிந்திருந்தது. டாக்டர் மருந்து போட்டு, பத்துப் பதினைந்து நாள் ஏறாமல் நடத்தச் சொன்னார். டிரைவரின் முழங்காலுக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம்தான் கிடைத்தது.

"பொண்ணுக்கு இப்பச் சொல்ல வேண்டாம், பரீட்சை இருக்கு" என்றாள் மனைவி. அவர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அப்பா, உங்களுக்கு எங்க அடி?" என்றாள் மகள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. கேட்டைச் சரியா மூடல. தப்பு என்னோடதுதான்."

"அவனை யாருக்காவது குடுத்துடலாம்ப்பா. நான் அங்க இல்லாம உங்களை இப்படி..." குரல் உடைந்தது.

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை மாதமாகக் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். சரி என்றால் போதும், மதியத்தில் வீட்டில் படுத்துத் தூங்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. "அதெல்லாம் யாருக்கும் குடுக்க வேண்டாம். இப்பத்தான் முதுகு இளகி வருது." சொன்ன பிறகு அவரே ஆச்சரியப்பட்டுப் போனார்.

மனைவி தாண்டுவதைப் பற்றிப் பேசியது அன்று ராத்திரிதான். "தாண்டறது நான் லீவுல இருக்கற அன்னைக்கு மட்டும். மத்த நாள் தரையில கிடக்கற கம்புதான். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"கேட்டுக்குப் பூட்டு வாங்கியாச்சு."

காயம் ஆறி, அவளுடைய முதல் விடுமுறை நாளும் வந்தது. பெருக்கல் குறியை அவளே வைத்தாள். ஒரு கம்பைத் தூக்கிவிட்டு, "இத்தனை கனமா? இதையா தினம் தூக்கறீங்க?" என்றாள். பிறகு வேலியோரம் போய், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர் வட்டத்தை முடித்துத் திருப்பினார். மாப்பிள்ளை காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஆசையாகத்தான் போனது. தரைக்கம்பு நெருங்கும்போது அவருக்குத் தார் ரோட்டுச் சத்தம் கேட்டது. கை தானாகக் கடிவாளத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. குதிரை ஒதுங்கி நின்று, என்ன ஆயிற்று என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. மறுபடி வந்தார், மறுபடி அதே இடத்தில் இழுத்தார்.

"என்னால முடியல" என்றார். மனைவியிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. "முதல்லேருந்தே பயம்தான். ஒவ்வொரு கம்புக்கும் பயம்."

அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் உள்ளே வந்து, தாங்கியிலிருந்து இரண்டு கம்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வெறும் தாங்கிகளைக் கால் தட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டாள். "இது முடியுமா?"

"இது முடியும்."

"அப்ப இதைப் பண்ணுங்க."

மாப்பிள்ளை கம்புகளின் மேல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனது. ஒரு குளம்பு தட்டி, கம்பு ஒன்று கோணலாக உருண்டது. டிரைவரின் கை பிடரி மயிரைப் பிடித்தது. அதைச் சரிசெய்ய அவள் ஓடி வந்தாள்.

"விடு, கிடக்கட்டும்" என்றார் அவர். கோணலாகக் கிடந்த கம்பைச் சுற்றிக்கொண்டு மற்றவற்றின் மேல் குதிரையை மெதுவாக நடத்தினார்.