மாப்பிள்ளை போட்ட மெட்டி

"என் மகன் என்ன பொட்டப்புள்ளையா, கால்ல மெட்டி மாட்டிக்கிட்டு மில்லுக்குப் போக?"

"போட்டா என்ன அத்தை? கால் தேஞ்சா போயிரும்?"

"ஏட்டி, வாயை மூடு" என்று சீனியம்மாள் மகளின் தொடையில் கிள்ளினாள். கிள்ளிய கிள்ளு பக்கத்தில் இருந்த எனக்கே வலித்தது.

இவ்வளவும் ராஜபாளையம் கடைத்தெருவில், அபுதாஹிர் பாயின் வெள்ளிக் கடையில். கல்யாணப் பெண் அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு எதிர் வீடு. மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் ராஜபாளையத்துப் பையன், பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசர். மெட்டி எடுத்துத் தருவது மாப்பிள்ளை வீட்டு முறை என்பதால் இரண்டு வீட்டாரும் கடையில் கூடியிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆட்டோவில் ஒரு இடம் காலியாக இருந்தது. வெள்ளியின் தரம் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா என்று நானாகவே ஏறிக்கொண்டேன்.

பெண்ணுக்கு மெட்டி பார்த்து முடிந்த பிறகுதான் அனுசியா மெதுவாக ஆரம்பித்தாள்: "அவியளுக்கும் ஒரு ஜோடி எடுங்க."

மாப்பிள்ளையின் அம்மா வெங்கடேஸ்வரிக்கு முதலில் அது விளையாட்டாகப் பட்டது. இல்லை என்று தெரிந்ததும் குரல் தெருவுக்குப் போய்விட்டது. அவர் கணவர் தங்கச்சாமி டீ குடிக்கிற சாக்கில் எதிர்க்கடைக்கு நழுவினார்.

"அந்தக் காலத்துல ஆம்பளைதான் மெட்டி போட்டாகளாம் அத்தை" என்றாள் அனுசியா. "பொண்ணு குனிஞ்சு நடப்பா, ஆம்பளை கால்ல மெட்டி தெரியும். ஆம்பளை நிமிந்து நடப்பான், பொண்ணு கழுத்துல தாலி தெரியும். ரெண்டு பேருக்கும் அடையாளம். பொறவுதான் ரெண்டையும் பொம்பளை தலையில கட்டிட்டாக."

"தலையில இல்லம்மா, கால்ல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அபுதாஹிர் பாய் வியாபாரி. வந்த சண்டையை மோதிரம் விற்கிற வழியாக்கப் பார்த்தார். "மோதிரம் போடச் சொல்லும்மா. மோதிர விரல்லருந்து நெஞ்சுக்கு நேரா ஒரு நரம்பு ஓடுதுன்னு வெள்ளைக்காரன் நம்பியிருக்கான். அதனாலதான் அந்த விரல்."

"மெட்டி விரல்லருந்து கர்ப்பப்பைக்கு நரம்பு ஓடுதுன்னு எங்க தெருவுல சொல்லுதாக பாய். ஆம்பளைக்கு அதே விரல்லருந்து எங்க ஓடும்?"

பாய் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மில்லுல மோதிரமெல்லாம் போட விடமாட்டாங்க" என்றான் சூர்யபிரகாஷ். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம். "மெஷின்ல மாட்டிக்கிரும்."

"கால் மெஷினுக்குள்ளயா போவுது? ஷூக்குள்ள தான இருக்கும்."

"பாத்தியாலே!" என்று வெங்கடேஸ்வரி மகனைப் பார்த்தார். "இப்பவே இம்புட்டுப் பேச்சு. மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீக. தாலி கட்டுறதுக்கு முன்னால எம்மகனைப் பொட்டையாக்கப் பாக்கா உங்க மக. இந்தச் சம்பந்தம் வேணுமான்னு எனக்கு யோசனையா இருக்கு."

சீனியம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. இது மூன்றாவது வரன். முன்பு வந்த இரண்டும் ஏன் நின்றன என்று எங்கள் தெருவுக்குத் தெரியும், ராஜபாளையத்துக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய காரியம் என்று புரியும்.

அனுசியா போட்டிருந்தது தாவணியில்லை, சுடிதார். ஷாலைச் சரிசெய்துகொண்டு நேராக மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நான் வேலைக்குப் போற பஸ்ல ஒருத்தர் வருவாரு. எனக்குச் சீட்டுப் பிடிச்சு வைப்பாரு. கட்டிக்கிறேன்னு சொன்னாரு, நானும் சரின்னேன். ஒரு நாள் மம்சாபுரத்துலருந்து ஒரு அக்கா வந்து எங்க வாசல்ல நின்னு அழுதா. அவ கழுத்துல தாலி இருந்துச்சு, கால்ல மெட்டி இருந்துச்சு. அவருகிட்ட ஒண்ணுமில்ல. நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும்?"

சீனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நீட்டி வைத்திருந்த கழுத்தை இழுத்துக்கொண்டேன்.

"ஷூக்குள்ள கிடந்தா யாரு பாக்கப் போறா?" என்று கேட்டான் சூர்யபிரகாஷ். கோபமில்லை, நிஜமாகவே கேட்டான்.

"யாரும் பாக்க வேண்டாம். கழட்டுனா குனிஞ்சு நீங்கதான கழட்டணும். உங்களுக்குத் தெரியும்ல, அது போதும்."

அவன் செருப்பை உதறிவிட்டு வலது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தான். "பாய், அளவு பாருங்க."

"ஏலே சூர்யா!"

"சும்மா அளவுதானம்மா."

அந்த விரலுக்குக் கடையில் மெட்டி ஏது? பாய் அலமாரியின் அடித்தட்டைக் கிளறி, விரித்துக்கொள்ள வெட்டு இல்லாத கெட்டி வளையம் ஒன்றை எடுத்தார். கணுவில் கொஞ்சம் மல்லுக்கட்டி உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை.

பாய் இழுத்தார். சோப்புத் தண்ணீர் வந்தது. தேங்காய் எண்ணெய் வந்தது. நான் நூல் சுற்றும் வைத்தியம் சொன்னேன்; அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வெங்கடேஸ்வரியே தரையில் உட்கார்ந்து, மகன் காலை மடியில் வைத்து இழுத்தார்.

"கழல மாட்டேங்குதே! தாலி கட்டாம மெட்டி ஏறிட்டா என்ன அர்த்தம் மதினி? வேற இடத்துல பொண்ணு கேக்கப் போனா காலைப் பாத்து என்ன சொல்லுவாக?"

"ஏற்கனவே கல்யாணமானவன்னு சொல்லுவாக" என்றேன் நான். உதவியாக இருக்கட்டும் என்று.

"வெட்டி எடுத்திரவா அக்கா?" என்று பாய் கட்டரைக் காட்டினார்.

"கல்யாணப் பொருளை வெட்டுறதா? வாயைக் கழுவுங்க பாய்!"

எல்லாரும் வளையத்தைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல வேறு இடத்தைப் பார்த்தேன். சூர்யபிரகாஷ் அந்த விரலை உள்பக்கம் மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்திருந்தான். அனுசியாவும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் சட்டென்று கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டது கண்ணைத் துடைக்கத்தான்.

"எங்க நாச்சியார் மாலையைத் தான் சூடிப் பாத்துட்டுத்தான பெருமாளுக்குக் குடுத்தா" என்றேன். "இங்க மாப்பிள்ளை மெட்டியைச் சூடிப் பாத்துட்டாரு. நல்ல சகுனம்தான், விடுங்க."

வெங்கடேஸ்வரி எண்ணெய்க் கையோடு எழுந்தார். மருமகளாகப் போகிறவளை உற்றுப் பார்த்தார். "அந்த பஸ்காரன் இப்பவும் அதே பஸ்லதான் வாரானா?"

"இல்ல அத்தை."

"வந்தா சொல்லு. பாய், இன்னொரு காலுக்கும் பாருங்க. ஒத்தை மெட்டியோட எவன் நிப்பான்?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பஸ்காரன் திருப்பூருக்குப் போய்விட்டானாம். மம்சாபுரத்து அக்கா, பெயர் முனீஸ்வரி, அவன் கூடப் போகவில்லை. ராஜபாளையத்தில் தையல் கடை போட்டிருக்கிறாள். அனுசியாவின் கல்யாண ஜாக்கெட் அவள் தைத்ததுதான், கை கொஞ்சம் இறுக்கம். ஆண்கள் மெட்டி போடுவது தங்கள் வம்சத்துப் பழைய வழக்கம் என்று வெங்கடேஸ்வரி இப்போது ஊரெல்லாம் சொல்கிறார். தங்கச்சாமி அந்தக் கடைத்தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சோழபுரத்தில் தனி வீடு பார்த்துப் போனார்கள். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்து புருஷனிடமிருந்து பிரித்து வைப்பது வழக்கமாயிற்றே, சீனியம்மாளும் அழைத்து வந்தாள். மாப்பிள்ளை 'தேர் பார்க்க' என்று பின்னாலேயே வந்துவிட்டான். ஆடிப்பூரத் தேருக்கு வெறுங்காலோடு வடம் பிடித்துவிட்டு வந்தவனின் வலது கால் விரலைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"இன்னும் கழலலையா மாப்பிள்ளை?"

"எங்க அத்தை, என்ன செஞ்சும் கழல மாட்டேங்குது" என்றான்.

அவன் நடந்து போகும்போது பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் அது விரலில் லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.