கிரேனில் இருப்பவள்

"தங்கச்சி, மதினி வீட்டில இரிக்கிறாவா?"

படலையடியில் தயிர்ச் சட்டியோடு ஒருவர் நின்றார். பத்மாசனி அப்போதுதான் தலைக்கு முழுகிவிட்டுக் கூந்தலைத் துவாயால் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எந்த மதினி?" என்றாள்.

"துரையண்ணண்ட வீட்டுக்காரி. நான் ஸஹாப்தீன், அண்ணனோட ஹாபரில வேலை. அவர் கொழும்பிலிருந்து மாறி வந்து அஞ்சு மாசம், இன்னும் மதினியை நேரில காணல்ல. அதான் கிண்ணியாவிலிருந்து வரக்குள்ள தயிர் கொண்டு வந்தனான்."

"அவர் சந்தைக்குப் போட்டார். அவவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாமல்? ஒவ்வொரு நாளும் காணுறம்தானே! அண்ணன் ஓட்டுற கிரேன் கண்ணாடியில மதினிட படத்தை ஒட்டி வெச்சிரிக்கிறார். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் இறங்க மாட்டார். 'நான் குடும்பத்தோட இருக்கிறன், நீங்க போங்கோ' எண்டுவார்." அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தை மரியாதையாக ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க மதினிட தங்கச்சிதானே? முகச்சாடை இரிக்கு" என்றார்.

நான்தான் அவள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் பத்மாசனி துவாயின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தை மறைத்தாள்.

"ஓம். அக்கா குளிக்கப் போட்டா" என்றாள்.

அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, மதினியிடம் சலாம் சொல்லச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்தப் படம் அவளுடையதுதான். இராசதுரை கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், பெண் பார்க்க வர லீவு கிடைக்காது, படம் அனுப்புங்கள் என்று அவன் வீட்டார் கேட்டார்கள். தமக்கை குணேஸ்வரி அவளைக் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கிழமையில் படம் வந்தது. அம்மை வடு விழுந்த கன்னம் வழவழவென்றிருந்தது. முன்னே தள்ளியிருந்த பல் உள்ளே போய்விட்டது. நிறம் இரண்டு படி ஏறியிருந்தது, இடுப்பு ஒரு பிடியாகச் சிறுத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் சம்மதம் சொன்னான். முதன்முதலாக அவளைக் கண்டது மணவறையில்.

இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். இராசதுரை ஒரு தகரப் பெட்டியோடு வந்தான். அந்தப் பெட்டிக்குள் படத்தில் இருந்தவளும் வந்தாள். அவள் பெட்டியிலேயே கிடக்கிறாள் என்றுதான் பத்மாசனி இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவள் கடலைப் பார்த்தபடி, பகல் முழுக்க அவனோடு உயரத்தில் குடியிருக்கிறாள்.

மத்தியானம் தயிரைக் கண்டதும் இராசதுரையின் முகம் மலர்ந்தது. "ஸஹாப்தீன் வந்தவனோ? உன்னைக் கண்டவனோ?"

"கண்டவர்."

"என்ன சொன்னவன்?"

"உங்கட மனிசி நல்ல வடிவாம்."

"பார்த்தியா!" என்று சோற்றைப் பிசைந்தான். அவனுடைய பெருமையைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் படத்தை ஏன் அங்க கொண்டுபோனனீங்கள்?"

"இஞ்ச எதுக்கு? இஞ்ச நீ இருக்கிறாய்தானே."

இங்கே நான், அங்கே அவள். பத்மாசனியின் காதில் அப்படித்தான் விழுந்தது.

"ஒண்டு கேட்பன். பொய் சொல்லக் கூடாது. மணவறையில என்னைக் கண்ட உடன என்ன நினைச்சனீங்கள்?"

அவன் கை சோற்றிலேயே நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனிதன். அதற்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது. இன்றைக்கு அதுவே பிடிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் தேடினனான்" என்றான்.

"ஆரை?"

"படத்தில இருந்த ஆளை. பிறகு ஐயர் என்னவோ சொன்னார், நான் அந்தப் பக்கம் திரும்பிட்டன்."

அவள் தயிர்ச் சட்டியை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து, காலையில் அவன் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் அவனை யாரிடமோ அனுப்பி வைப்பதுபோல் இருந்தது. கன்னத்தில் கஸ்தூரி மஞ்சளை அப்பிக் காயவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, உதட்டை இழுத்துப் பல்லை மூடிச் சிரித்துப் பழகினாள். இரண்டு நேரச் சாப்பாட்டை ஒரு நேரமாக்கினாள். சீலையை இறுக்கிக் கட்டியதில் இடுப்புத் தோல் கன்றிப் போனது. இவ்வளவு செய்தும் அவளோடு போட்டி போட ஏலாது. அவளுக்கு வியர்க்காது, பசிக்காது, வெங்காயம் உரித்துக் கண் சிவக்காது.

கிணற்றடியில் இதைக் கேட்ட குணேஸ்வரி சிரித்துச் சிரித்துக் குடத்தைத் தவறவிடப் பார்த்தாள். "அடியே, சக்களத்தியோட சண்டை பிடிக்கிறதெண்டாலும் உயிருள்ளவளாப் பார்த்துப் பிடி!"

"உனக்கென்ன, சிரி. எல்லாம் உன்ர வேலை."

"என்ர வேலையோ? அவள் இல்லாட்டி அந்த மனிசன் உன்னட்டை வந்திருப்பானோ? உன்னைக் கட்டி வைச்சதே அவள்தான்."

அது உண்மையாக இருந்ததால் இன்னும் நொந்தது. அன்று பின்னேரமே பத்மாசனி தனியாக ஸ்டூடியோவுக்குப் போனாள்.

ஸ்டூடியோக்காரர் அவளுடைய நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தன் கைவேலையைப் பார்த்து அவருக்கே சந்தோஷம். "எவ்வளவு வடிவா வந்திருக்கு! எத்தனை பிரதி வேணும் பிள்ளை?"

"நீங்கள் போட்டதையெல்லாம் அழிச்சுப்போட்டு ஒண்டு தாங்கோ."

"என்ன?"

"நான் எப்பிடி வந்து இருந்தனோ, அப்பிடி."

"வடிவாக்கச் சொல்லித்தான் ஆக்கள் வாறவை. கெடுக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை" என்று முணுமுணுத்தார். ஆனாலும் பஞ்சில் டர்பன்டைன் தொட்டுக்கொண்டார். "நெகட்டிவில பென்சிலால போட்டதெல்லாம் போகும். இடுப்பைக் கத்தியால சுரண்டினனான். அது திரும்பி வராது."

"வராட்டி விடுங்கோ" என்றாள் கோபமாக. அதையாவது பழைய படத்தில் இருப்பவள் வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் கிடைத்த படத்தில் வடுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் இருந்தன. பல்லும் வந்துவிட்டது. பத்தொன்பது வயதில், கமராவுக்குப் பயந்த முகம். இது தன் முகம்தான் என்பதில் சந்தேகம் இல்லை. அவன் இதை என்ன செய்வான் என்பதுதான் தெரியவில்லை.

விடிந்து அவன் புறப்படும்போது வாசலில் மறித்தாள்.

"இதைக் கொண்டுபோய் ஒட்டுங்கோ. மற்றதைக் கழட்டிக் கொண்டு வாங்கோ. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

இராசதுரை படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். பகல் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கொட்டியாரக்குடாப் பக்கமிருந்து கப்பல் ஊதும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இப்போது ஒட்டியிருப்பானா, இல்லை, பையிலேயே வைத்திருப்பானா என்று மனம் கிடந்து அடித்தது.

மாலையில் வந்தவன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் பழைய படத்தை நீட்டினான். அதன் மூலைகளில் பசை காய்ந்திருந்தது.

"குளிக்கப் போன அக்கா திரும்பி வந்திட்டாவோ?" என்று கேட்டான்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லிப்போட்டாரோ?"

"சொன்னவனோ? கத்தினவன்! 'அண்ணன், இது மதினிட தங்கச்சியெல்லோ! மச்சாளிட படத்தை இஞ்ச ஒட்டலாமா, மதினி அறிஞ்சா என்ன நடக்கும்!' எண்டு. கீழ நிண்டவங்களும் பார்க்க ஏறி வந்திட்டாங்கள்."

"ஐயோ! நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இதுதான் என்ர மனிசி எண்டனான்."

"எல்லாருக்கும் முன்னாலையோ?"

"எல்லாருக்கும் முன்னாலதான். 'அப்ப இவ்வளவு நாளும் இருந்தது ஆர்?' எண்டு கேட்டான். எனக்கும் தெரியாது, நானும் தேடித்தான் பார்த்தனான், காணேல்லை எண்டனான்."

"இன்னும் தேடுறீங்களோ?"

"விசரி, பகிடிக்குச் சொன்னது." அவன் படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். பிறகு குரல் இறங்கியது. "மணவறையில தேடினது உண்மை. எப்ப விட்டனான் எண்டு எனக்கே தெரியாது. இண்டைக்கு அதை உரிக்கேக்க, இவ்வளவு நாளும் ஆரை ஒட்டி வைச்சிருந்தன் எண்டு எனக்கே புதினமா இருந்தது. கூப்பிட ஒரு பேர்கூட வாயில வரேல்லை."

"பொய்."

"எனக்குப் பொய் வராதெண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். அதனால்தான் அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இதை என்ன செய்யிறது?" என்று கையிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"உன்ர படம். நீயே பார்த்துச் செய்."

கிழிக்கலாம் என்று நினைத்தாள். அந்த வழவழப்பான கன்னத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை. எப்படியானாலும் இவனைக் கொண்டு வந்து சேர்த்தவள்.

"அலுமாரிக்குள்ள வைக்கிறன். ஆனா நீங்கள் திறந்து பார்க்கக் கூடாது."

"ஓம்."

"நான் இல்லாத நேரத்திலயும்."

"ஓம் எண்டுறன்."

அவள் படத்தை முகம் கீழே இருக்கக் கவிழ்த்து வைத்தாள். அலுமாரியைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.