மாமியார் இறங்க மறுத்த வண்டி

கிட்ட வந்து உட்காரு கண்ணு, சேற்றிலே முடிந்த ஒரு கார் வியாபாரத்தைச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தரணீதரனும் அவன் மனைவி இந்துமதியும் பழைய எஸ்யூவி ஒன்று வாங்க நினைத்தார்கள். இந்துமதியின் அம்மா சாரதாமணிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பல்லடம் பக்கம் அவருடைய தோட்டத்துப் பாதையோ கரிசல் மண். மழை பெய்தால் ஆட்டோ வாசல்வரை வராது. ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுபோகும்.

"நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதான் இந்து சரி" என்றான் தரணீதரன்.

"முன்சக்கரம் மட்டும் இழுத்தாலே போதுமுங்க" என்றாள் அவள்.

பழைய கார் புரோக்கர் ஒருவர் இரண்டு வகையிலும் ஒவ்வொரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். மழை விட்ட காலையில் ஆளுக்கொன்றாகத் தோட்டத்துக்கு ஓட்டிப் போனார்கள். தரணீதரனின் வண்டி பாதி வழியில் நான்கு சக்கரமும் வெறுமனே சுற்ற, நின்றுவிட்டது. இந்துமதி ஓரமாக ஒதுங்கிக் கடந்து, வாசலில் போய் நிறுத்தினாள்.

அவன் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தான். அவன் வண்டியின் டயர்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன, அவளுடையவை புதியவை.

"கம்பெனில லேபிளை நம்பாம துணியைத் தடவித் தடவிப் பாக்கறீங்க. டயரைத் தடவிப் பாத்தீங்களா?" என்றாள் இந்துமதி.

"அதுக்கும் புது டயர் போட்டா..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் சாரதாமணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ளை, நீங்க பொறுமையா டயர் மாத்திட்டு வாங்க. நாங்க இதுலயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றோமுங்க."

அதையே வாங்கினார்கள்.

உன் வீட்டிலும் எல்லாரும் கைகால் சுகத்தோடு, சிரித்த முகமாக இருக்கட்டும் சாமி.